ஓய்ந்துபோன டீசல் ரயிலை மறுபடி ஓட வைப்பது: தன்னார்வலராக வர நினைப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

பிரிட்டனில் பாரம்பரிய ரயில்வே என்றதுமே புகை கக்கும் நீராவி என்ஜின்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் எழுதப்போவது டீசல் ரயில்களைப் பற்றி. 1950களில் நீராவியின் இடத்துக்கு வந்து, கிளை லைன்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மில் வேலைக்குப் போனவர்களையும் சந்தைக்குப் போனவர்களையும் பல பத்தாண்டுகள் சுமந்துவிட்டு, கடைசியில் காயலான் கடைக்குப் போன ரயில்கள் அவை. தப்பித்த சிலவற்றை மீட்டு, சரிசெய்து, மறுபடி பயணிகளை ஏற்றி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு காசு சம்பளம் வாங்காதவர்கள். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் அப்படி ஒரு சின்னக் குழுவில் பல வருஷமாகச் சனிக்கிழமைகளைக் கழிக்கிறேன். நம் ஊரில் நீலகிரி மலை ரயிலைத் தெற்கு ரயில்வேயே ஓட்டுகிறது, வேலை செய்கிற எல்லோரும் ரயில்வே ஊழியர்கள். அதனால் "வெளி ஆள் எப்படி ரயிலைத் தொட முடியும்?" என்று ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் கேட்கிறார்கள். தொட முடியும், ஓட்டவும் முடியும், ஆனால் ஒரு வரிசையில் போக வேண்டும்.

தன்னார்வலர்கள் ரயில் ஓட்டும் பழக்கம் 1951-இல் வேல்ஸில் டாலிலின் என்ற குறுகிய பாதையில் தொடங்கியது. பிரிட்டனின் வழக்கமான அகலம் கொண்ட (ஸ்டாண்டர்டு கேஜ்) பாதையில் முதலில் செய்தது லீட்ஸ் நகரத்து மிடில்டன் ரயில்வே, 1960 ஜூனில். அந்த முதல் ரயிலை இழுத்தது ஒரு டீசல் என்ஜின், லீட்ஸிலேயே ஹன்ஸ்லெட் கம்பெனி 1932-இல் செய்தது. நீராவிதான் பாரம்பரியம், டீசலெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

எந்த ரயில் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டீசல் என்றால் எல்லாம் ஒன்றில்லை. யார்டில் பெட்டிகளைத் தள்ளும் 350 குதிரைத்திறன் கொண்ட கிளாஸ் 08 ஷன்டர்கள் பல லைன்களில் இருக்கின்றன, கற்றுக்கொள்ள நல்லவை. பெரிய மெயின் லைன் என்ஜின்களில் 1,750 குதிரைத்திறன் கொண்ட கிளாஸ் 37-க்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. டெல்டிக் இன்னும் பெரியது: 3,300 குதிரைத்திறன், ஒவ்வொன்றும் 18 சிலிண்டர் கொண்ட இரண்டு நேப்பியர் என்ஜின்கள், செய்தது மொத்தம் 22, மிஞ்சியது 6. ஆனால் அதன் என்ஜினைப் பிரித்துச் சேர்ப்பது புதிதாக வருகிறவர் கை வைக்கிற காரியம் இல்லை.

இந்த வழிகாட்டி டி.எம்.யு., அதாவது டீசல் மல்டிபிள் யூனிட், பற்றியது. தனி என்ஜின் கிடையாது, பெட்டிக்கு அடியிலேயே என்ஜின்கள் தொங்கும், இரண்டு முனையிலும் டிரைவர் அறை. டெர்பி தொழிற்சாலையின் எடை குறைந்த முதல் செட்டுகள் 1954-இல் லீட்ஸ், பிராட்ஃபோர்டு பக்கம் ஓடத் தொடங்கின. 1955-இல் வந்த நவீனமயத் திட்டத்துக்குப் பிறகு பல கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. மெட்ரோ கேமல் செய்த கிளாஸ் 101 வகை 2003 டிசம்பர் வரை மான்செஸ்டர் பக்கம் தினசரி சேவையில் இருந்தது. 1960-இல் வந்த ஒற்றைப் பெட்டி கிளாஸ் 121 ஒன்றிரண்டு 2017 மே வரை எய்ல்ஸ்பரி லைனில் ஓடின. இன்றைக்கு டெர்பிஷயரில் எக்கிள்ஸ்போர்ன் வேலி ரயில்வே, ஸ்காட்லாந்தில் கீத் அண்டு டஃப்டவுன் ரயில்வே போன்ற லைன்கள் பெரும்பாலும் இந்த டி.எம்.யு.க்களை நம்பித்தான் நடக்கின்றன. அந்த 1954 எடை குறைந்த வகையில் தப்பிய ஒற்றைப் பெட்டி ஒன்று எக்கிள்ஸ்போர்னில்தான் இருக்கிறது.

ஏன் டி.எம்.யு.? டிரைவருக்கு நேர் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் பயணிகள் இருக்கை. தண்டவாளம் முன்னால் விரிந்து வருவதைப் பயணியும் பார்க்கலாம், ஒரு குழந்தையை அங்கே உட்கார வைத்துப் பாருங்கள், மறுபடி இறக்குவது கஷ்டம். அப்புறம் செலவு. கூட்டம் குறைந்த நாளிலும் இரண்டு பெட்டி செட்டை ஓட்டினால் லைனுக்குக் கட்டுபடியாகும்.

படி 1: ரயில் வாங்காதீர்கள், ஒரு குழுவில் சேருங்கள்

ஆர்வம் வந்ததும் நாலு நண்பர்கள் பணம் போட்டு ஒரு பெட்டியை வாங்கிவிடுவது நடக்கிற தவறு. நிறுத்த இடம், அதைத் தூக்கும் கருவி, அதை ஓட்ட அனுமதி மூன்றும் இல்லாமல் 30 டன்னை ஒட்டிய எடையுள்ள ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஏற்கெனவே வேலை நடக்கும் லைனில் உறுப்பினராகச் சேருங்கள். லெஸ்டரில் இருப்பவருக்கு கிரேட் சென்ட்ரல் ரயில்வே பக்கத்திலேயே இருக்கிறது, பர்மிங்காம்காரர்களுக்கு கிடர்மின்ஸ்டரில் செவர்ன் வேலி. பிரிட்டனில் நீங்கள் எங்கே குடியிருந்தாலும் அநேகமாகப் போய்வரும் தூரத்தில் ஒன்று அகப்படும்.

சேர்ந்ததும் ஓட்டும் அறையில் ஏற்ற மாட்டார்கள். பாதுகாப்பு வகுப்பு ஒன்று முதலில்: தண்டவாளத்தைக் கடப்பது எப்படி, ஆரஞ்சு மேலங்கி எப்போது, ரயில் நகரக்கூடும் என்று எந்தப் பலகை சொல்கிறது என்பதெல்லாம். அதன் பிறகு கையில் ஒரு சுரண்டியோ துடைப்பமோ கிடைக்கும். அதை ஆறு மாதம் நேரம் தவறாமல் செய்பவருக்குத்தான் அடுத்த வேலை வரும். மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. எங்கள் குழுவில் தையல் தெரிந்தவர், கணக்கு எழுதுபவர், ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், இன்னும் கல்லூரியில் படிக்கும் பையன் என்று எல்லா வகை ஆட்களும் உண்டு, அத்தனை பேருக்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

படி 2: கல்நார் இருக்கிறதா?

இதைத் தாண்டிப் போகவே கூடாது. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் சுவருக்கும் கூரைக்கும் உள்ளே நீலக் கல்நார், அதாவது நீல ஆஸ்பெஸ்டாஸ், வெப்பத் தடுப்பாகத் தெளிக்கப்பட்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் வகைகளில் மிக ஆபத்தான ஒன்று அது. மூச்சோடு போன தூள் பல பத்தாண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோயாக வெளிவரும். நல்ல நிலையில் இருந்த எத்தனையோ பெட்டிகள் இந்தக் காரணத்தாலேயே உடைக்கப்பட்டன. பெட்டியை வாங்கும்போதோ, குழு ஒன்று புதிய பெட்டியில் வேலை தொடங்கும்போதோ, கல்நார் அகற்றப்பட்டதற்கான சான்றிதழைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பலகையைக்கூடக் கழற்ற வேண்டாம், உரிமம் பெற்ற நிறுவனத்தை அழைத்துச் சோதிக்க வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் புகைக்குழாய்ச் சுற்று, பழைய கேஸ்கெட் போன்றவற்றைச் சந்தேகத்தோடு பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கும், அதனால் காய்ந்த பெயிண்டைத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள்.

படி 3: முதலில் மேலே ஒரு கூரை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ரயில்களைக் கொல்வது மழை. என்ஜினில் அவ்வளவு பெரிய கோளாறு வருவதில்லை, வந்தாலும் சரிசெய்யலாம். கூரைத் தையல், ஜன்னல் ரப்பர், மழைநீர் ஓடும் விளிம்பு ஆகிய மூன்று வழியாகத் தண்ணீர் இறங்கி, தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் தங்கி, உள்ளிருந்து தின்கிறது. இங்கிலாந்தின் மழை வெள்ளமாகக் கொட்டாது, நாள் முழுக்கப் பிசுபிசுவென்று இருந்துகொண்டே இருக்கும், துருவுக்கு அதுதான் இஷ்டம். அலுமினியத் தகடும் எஃகுச் சட்டமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் இன்னும் வேகமாக அரிக்கும்.

எங்கள் குழு ஆரம்பத்தில் செய்த தவறைச் சொல்கிறேன். பார்வையாளர்கள் பாராட்ட வேண்டும், நன்கொடை வர வேண்டும் என்று ஒரு பெட்டிக்கு முதலிலேயே அழகாகப் பச்சை பெயிண்ட் அடித்தோம். பெட்டி திறந்தவெளியில் நின்றது. இரண்டு குளிர்காலம் போனதும் ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்தது, விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போனது. அந்த வேலை முழுவதையும் மறுபடி முதலிலிருந்து செய்தோம். ஷெட்டில் இடம் கிடைக்கும்வரை நல்ல தார்ப்பாய், காற்றோட்டத்துக்கு இடம்விட்டுக் கட்டியது, அதுவே முதல் செலவாக இருக்கட்டும். ஷெட் கட்ட நிதி திரட்டுவது யாருக்கும் உற்சாகமான வேலை இல்லை, ஆனாலும் என்ஜின் ஓவர்ஹாலுக்கு முன்னால் அதைச் செய்யச் சொல்வேன்.

படி 4: பார்த்து, தட்டி, எழுதுங்கள்

சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்னும், அழுகியது 'பொத்' என்னும். கதவின் அடிப்பகுதி, கதவு வாசலுக்குக் கீழே உள்ள தரை, கழிவறைக்கு அடியில், டிரைவர் அறையின் முன் மூலைகள், இந்த நான்கு இடங்களில் எப்போதும் ஏதாவது இருக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள்.

கழற்றும் முன்னால் படம், கழற்றும்போது படம், கழற்றிய பின் படம். ஒவ்வொரு போல்டையும் பையில் போட்டு, எந்தப் பெட்டி, எந்தப் பக்கம், எந்தப் பாகம், தேதி, கழற்றியவர் பெயர் என்று சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். இது வாரத்தில் ஒருநாள் நடக்கும் வேலை. ஒரு பெட்டி முடிய ஐந்து வருஷமும் ஆகும், பத்து வருஷமும் ஆகும், கழற்றியவரே பூட்டுவார் என்ற உறுதி கிடையாது. எங்கள் ஷெட்டில் சீட்டு இல்லாத போல்ட் பை ஒன்று இன்னும் இருக்கிறது, அதை வைத்திருந்தவர் காலமாகிவிட்டார், எங்கே சேர வேண்டியது என்று கண்டுபிடிக்க இன்றுவரை முடியவில்லை.

படி 5: உடம்பு வேலை

நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் என்று சொல்வோமே, அதேதான், அளவு பெரிது. அழுகிய தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுங்கள். மேலே ஒட்டுப்போட்டுப் பட்டி பார்த்து மூடினால் உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். வெட்டியதும் உள்ளே இருக்கும் சட்டத்தின் உண்மையான நிலை தெரியும், அது அநேகமாக நீங்கள் நினைத்ததைவிட மோசமாக இருக்கும், அதற்கு மனத்தளவில் தயாராக இருங்கள். வெல்டிங் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும், முடித்த பிறகும் ஒரு மணி நேரம் யாராவது அங்கேயே இருக்க வேண்டும். பழைய மரத் தரை, பஞ்சு, எண்ணெய் ஊறிய தூசி எல்லாம் உள்ளே புகைந்துகொண்டிருந்து பிறகு பற்றும்.

ஜன்னல் ரப்பர்களைப் புதிதாகப் போடுங்கள், பழையதை ஒட்டி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கதவு தனி விஷயம். இவை கையால் இழுத்து மூடும் கதவுகள். பூட்டின் நாக்கு இரண்டு கட்டமாக விழும், முதல் கட்டத்தோடு நின்றால் கதவு மூடியதுபோல் தெரியும் ஆனால் முழுதாகப் பூட்டியிருக்காது. ஒவ்வொரு பூட்டையும் பிரித்து, சுத்தம் செய்து, ஸ்பிரிங் மாற்றி, முழுதாக விழுகிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்ட பதிவு வேண்டும்.

படி 6: அடியில் தொங்கும் என்ஜின்

இந்த ரயிலின் சுவாரசியமே அடியில்தான். பெரும்பாலான வகைகளில் ஒரு மோட்டார் பெட்டிக்கு இரண்டு என்ஜின்கள், ஒவ்வொன்றும் 150 குதிரைத்திறன், ஆறு சிலிண்டர், தரைக்கு அடியில் இடம் பற்றாது என்பதால் பக்கவாட்டில் படுக்க வைத்தவை. ஏ.இ.சி. அல்லது லேலண்டு தயாரிப்பு. லேலண்டு என்றதும் நமக்கு எண்ணூர் ஞாபகம் வரும், வரத்தான் வேண்டும்: லங்காஷயரில் லேலண்டு என்ற ஊரில் இருந்த அதே கம்பெனி முதலீடு செய்ததால்தான் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. இந்த என்ஜின்கள் பஸ், லாரி என்ஜின்களின் உறவுக்காரர்கள் என்பது நமக்குப் பெரிய வசதி. பழைய பஸ்களைப் பாதுகாக்கும் குழுக்களோடு பழக்கம் வைத்துக்கொண்டால் உதிரிபாகமும் கிடைக்கும், அந்த என்ஜினோடு வாழ்ந்த மெக்கானிக்குகளும் கிடைப்பார்கள்.

வருஷக்கணக்கில் நின்ற என்ஜினில் ஸ்டார்ட்டரை அழுத்தவே அழுத்தாதீர்கள். ஆயிலை வடித்துப் பாருங்கள், பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊற விடுங்கள். பிறகு கையால், கம்பி போட்டு, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால்தான் அடுத்த வேலை. டீசல் தொட்டியின் அடியில் கரும்பசை படிந்திருக்கும், அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் அடைக்கும். எரிபொருள் குழாயில் காற்றை வெளியேற்றுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது காற்று உள்ளே போகும் வாயை மூட ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் தயாராக நிற்க வேண்டும். டீசல் என்ஜின் கட்டுப்பாடு மீறி வேகமெடுத்தால் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள், சத்தத்தை ரசிப்பது பிறகு.

என்ஜினிலிருந்து சக்கரம் வரை சக்தி போகும் வழியையும் புரிந்துகொள்ள வேண்டும், ஓட்டும்போது அது உதவும். முதலில் ஃப்ளூயிட் ஃப்ளைவீல்: எண்ணெய் நிரம்பிய கிண்ணம் மாதிரி, உள்ளே இரண்டு விசிறிகள், ஒன்று சுற்றினால் எண்ணெய் மற்றதைச் சுற்றும். அதனால் கியர் போட்டபடி என்ஜின் ஐடிலில் இருந்தாலும் நின்றுபோகாது. அடுத்து ஒரு ஃப்ரீவீல், சைக்கிளில் இருப்பதுபோல, பெடலை நிறுத்தினாலும் சக்கரம் உருளும். பிறகு நான்கு கியர் கொண்ட வில்சன் எபிசைக்ளிக் கியர்பாக்ஸ், இந்த வகை கியர்பாக்ஸ்தான் லண்டனின் பழைய ஆர்.டி. இரட்டை மாடி பஸ்களிலும் இருந்தது. இதில் கியர்ச் சக்கரங்கள் எப்போதும் கோர்த்தே இருக்கும், எந்த வளையத்தைப் பட்டை இறுக்கிப் பிடிக்கிறதோ அந்த கியர் விழும். பட்டையை இறுக்குவது காற்றழுத்தம். காற்றழுத்தம் குறைந்த நிலையில் ஓட்டினால் பட்டை வழுக்கி, சூடாகி, கருகும். ஒரு கியர்பாக்ஸை இப்படிப் பாழாக்க ஒரு பிற்பகல் போதும், திருப்பிச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது.

கடைசியில் ஆக்சிலில் இருக்கும் ஃபைனல் டிரைவ், முன்னும் பின்னும் மாற்றுவது இதில்தான் நடக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டுகளின் மூட்டுகளுக்கு கிரீஸ், அவை கழன்றால் தரையில் குத்தாமல் தாங்கும் பாதுகாப்பு வளையங்கள் இரண்டையும் சரிபாருங்கள். ரேடியேட்டரும் அடியிலேயே இருப்பதால் இலையும் பிரேக் தூளும் அடைக்கும், கோடையில் சூடேறுவதாகப் புகார் வந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஆயில் கசிவும் காய்ந்த இலையும் சேர்ந்தால் தீ, ஆகவே அடிப்பகுதியைச் சுத்தமாக வைத்திருப்பதும் பாதுகாப்பு வேலைதான்.

படி 7: பிரேக், சக்கரம்

இங்கே தன்னார்வலர் ஆர்வம் மட்டும் போதாது, தகுதி பெற்றவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். இவை வேக்கம் பிரேக் வண்டிகள். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி 21 அங்குல வேக்கம் உருவானால் பிரேக் விடும், குழாய் எங்காவது உடைந்தால் காற்று புகுந்து பிரேக் தானாகப் பிடிக்கும். ரப்பர் ஹோஸ்களுக்கு வயது உண்டு, தேதியைப் பார்த்து மாற்றுங்கள். சிலிண்டர்களைப் பிரித்து ரப்பர் வளையம் மாற்றி, கசிவுச் சோதனை செய்யுங்கள். ஆக்சில்களை அல்ட்ராசோனிக் முறையில் உள் விரிசலுக்குச் சோதிக்க வேண்டும், சக்கரத்தின் விளிம்பை அளவுகோலால் அளக்க வேண்டும், தேய்ந்திருந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் பணம் மிச்சம் பிடிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படி 8: ஒயரிங்

24 வோல்ட். ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம், அந்த பேட்டரிகள் தரும் கரன்ட் ஒரு ஸ்பேனரையே சிவக்கக் காய்ச்சும். பழைய ஒயர்களின் உறை தொட்டால் உதிரும். ஒவ்வொரு முனையிலும் இருக்கும் எண் வளையத்தை இழக்காமல், ஒரு நேரத்தில் ஒரே ஒயரை மாற்றுங்கள். செட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரே டிரைவர் ஓட்ட, இரண்டும் ஒரே இணைப்புக் குறியீடு கொண்டவையாக இருக்க வேண்டும். மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை 'நீலச் சதுரம்' வகை. புதிதாகப் பெட்டி தேடும் குழு அந்த வகையிலேயே போனால் மற்றவர்களோடு சேர்த்து ஓட்டலாம். 2020, 2021-இல் சேவையிலிருந்து விலகிப் பல பாரம்பரிய லைன்களுக்கு வந்த 'பேசர்' என்ற பிந்தைய வகை டி.எம்.யு.க்கள் காற்று பிரேக் கொண்டவை, பழையவற்றோடு நேராகச் சேராது.

படி 9: உள்ளே, பிறகு பெயிண்ட்

இருக்கைத் துணி மொக்கெட் எனப்படும் தடித்த நெசவு, நெய்து வாங்க வேண்டும், ஸ்பாஞ்ச் தீப்பற்றாத வகையாக இருக்க வேண்டும். மரப் பலகைகளைத் தேய்த்து வார்னிஷ் அடிப்பது குளிர்கால மாலைகளுக்கு ஏற்ற அமைதியான வேலை.

எல்லாம் முடிந்து, தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஜன்னல்களில் அடித்துக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே பெயிண்ட். ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்து அதில் நிலையாக நில்லுங்கள். 1950களின் பச்சை என்றால் முகத்தில் மீசை மாதிரி கோடுகள், 1960களின் தொடக்கம் என்றால் மஞ்சள் பட்டி, அதற்கும் பிறகு நீலம். பச்சையில் 1980களின் பலகைகளை மாட்டினால், அந்த ரயிலில் தினம் போன ஒரு பாட்டி வந்து "இது இங்கே இருக்காதே" என்பார். எங்களிடம் அப்படி ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி, மாற்றினோம்.

பணம் பற்றி

அறக்கட்டளையாகப் பதிவு செய்யுங்கள். பிரிட்டனில் வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கிஃப்ட் எய்டு மூலம் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும். பெரிய நன்கொடை ஒன்றுக்காகக் காத்திருப்பதைவிட மாதம் ஐந்து பவுண்டு தரும் நூறு பேர் மேல். ரயிலை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒருநாள் அனுபவம், வருஷத்துக்கு ஓரிரு முறை டீசல் விழா, இவை நன்றாகக் கைகொடுக்கும்.

படி 10: ஓட்ட அனுமதி

வண்டி சரியானதும் ஓட்டிவிட முடியாது. 2006-ஆம் ஆண்டின் ரயில் பாதுகாப்பு விதிமுறைகள் பாரம்பரிய லைன்களுக்கும் பொருந்தும், மேற்பார்வை ரயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகத்திடம். ஒவ்வொரு லைனும் தனக்கென்று பாதுகாப்பு நிர்வாக முறை வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு வண்டிக்கும் பராமரிப்புப் பதிவு, ஓடத் தகுதியான நிலை என்ற பரிசோதனை உண்டு. வேகம் பெரும்பாலான லைன்களில் மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். 1896-ஆம் ஆண்டின் இலகு ரயில்வே சட்டத்திலிருந்து வந்த அளவு அது.

மனிதர்களுக்கும் படிநிலை உண்டு. கண் பார்வை, நிறம் பிரித்தறிதல் உட்பட மருத்துவப் பரிசோதனை, விதிப் புத்தகத் தேர்வு, கார்டு பயிற்சி, பிறகு டிரைவருக்கு உதவியாளர், அதன் பின் பயிற்சி டிரைவர். வார இறுதிகளில் மட்டும் வருபவருக்கு இதற்குச் சில வருஷங்கள் ஆகும். கார்டு பயிற்சியை அவசரப்பட்டுத் தாண்ட நினைக்காதீர்கள். கதவும் பயணிகளும் கார்டின் பொறுப்பு, ரயிலை முழுதாகப் புரிந்துகொள்வது அங்கேதான்.

படி 11: ஓடும் நாள்

முதல் ரயில் பத்தரைக்கு என்றால் நாங்கள் ஏழரைக்கே ஷெட்டில். வண்டியில் யாராவது வேலை செய்துகொண்டிருப்பதாகப் பலகை தொங்குகிறதா, கை பிரேக் போட்டிருக்கிறதா, இவை முதலில். பேட்டரி சுவிட்சைப் போட்டுவிட்டுச் சுற்றி வாருங்கள்: என்ஜின் ஆயில், கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில், ஃபைனல் டிரைவ் ஆயில், பெல்டுகள், ஹோஸ்கள், தரையில் புதிதாக ஏதாவது சொட்டியிருக்கிறதா. பிறகு ஒவ்வொரு என்ஜினாகக் கிளப்புங்கள். குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகை வரும், சூடேறியதும் தெளியும். காற்றழுத்தம், வேக்கம் இரண்டும் ஏறும்வரை காத்திருந்து, இரண்டு முனை அறைகளிலிருந்தும் பிரேக், ஹாரன், விளக்கு, வைப்பர் சோதிக்க வேண்டும்.

ஒற்றைப் பாதையில் டோக்கன், அதாவது அந்தப் பாதையில் போக அனுமதி தரும் அடையாளப் பொருள், கையில் இல்லாமல் ஒரு அடிகூட நகரக்கூடாது. கார்டிடமிருந்து மணி இரண்டு முறை அடித்தால் புறப்படலாம், ஒரு முறை அடித்தால் நில். திசையை முன்னுக்கு வைத்து, முதல் கியர் போட்டு, பிரேக்கை விட்டு, திராட்டிலை முதல் கட்டத்துக்குத் திறங்கள். ஃப்ளூயிட் ஃப்ளைவீல் மெல்லப் பிடிக்கும், பெட்டி ஒரு பெருமூச்சுவிட்டு நகரும். 15 மைல் வேகத்தை ஒட்டி இரண்டாவது கியர்: திராட்டிலை முழுதாக மூடி, கியரை மாற்றி, என்ஜின் சுற்று இறங்கும்வரை பொறுத்து, மறுபடி திறங்கள். அவசரமாகத் திறந்தால் பெட்டி குதிக்கும், கியர்பாக்ஸ் பட்டைகளும் அடி வாங்கும். நல்ல டிரைவர் கியர் மாற்றுவது பின்னால் டீ குடிக்கிறவருக்குத் தெரியாது. எங்கள் வேகத்தில் நான்காவது கியருக்கு வேலை வருவதில்லை. வண்டி முழுதாக நிற்கும் முன் திசை மாற்றும் கைப்பிடியைத் தொடாதீர்கள், ஃபைனல் டிரைவ் உடையும்.

மாலையில் திரும்பியதும் என்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள், கை பிரேக்கை இறுக்குங்கள், ஜன்னல்களை ஏற்றுங்கள், பேட்டரி சுவிட்சை அணைக்க மறக்காதீர்கள். அன்றைக்குக் கேட்ட புதுச் சத்தம், ஒட்டாமல் நின்ற கதவு, சூடேறிய ரேடியேட்டர், எதுவாக இருந்தாலும் பழுதுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். செவ்வாய்க்கிழமை வருகிற குழு அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கும்.

படி 12: குளிர்காலம்

அக்டோபர் முடிவதற்குள் கூலன்டில் உறைதடுப்பு சரியான விகிதத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், ஓடாத வண்டியில் தண்ணீர் மட்டும் இருந்தால் முழுதாக வடித்துவிடுங்கள். ஒரே இரவு உறைபனியில் என்ஜின் பிளாக் வெடித்துவிடும். பேட்டரிகளைச் சார்ஜில் வையுங்கள். சேவை இல்லாத மாதங்களிலும் சில வாரங்களுக்கு ஒருமுறை என்ஜின்களை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, வண்டியையும் ஷெட்டுக்கு வெளியே கொஞ்ச தூரம் நகர்த்துங்கள். ஐந்து நிமிடம் மட்டும் கிளப்பி நிறுத்தினால் உள்ளே ஈரம்தான் சேரும், அதைவிடக் கிளப்பாமலே விடலாம். இரண்டு முறையாவது மழை நாளில் போய் உள்ளே உட்கார்ந்து கூரையைப் பாருங்கள், எங்காவது ஒரு சொட்டு விழுந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வாருங்கள், வசந்த காலத்து வேலையில் முதலாவது அதுதான்.